தலைக்காயமும் கிளாஸ்கோ புள்ளியும்: ஓர் எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

துணுக்காயைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம்முடைய தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இரவில் மாங்குளத்திலிருந்து வீடு திரும்பும்போது வீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதித் தம்பிக்குத் தலையில் பலத்த அடி. முதலில் சேர்த்த வைத்தியசாலையில் "ஜீசிஎஸ் 7", அதாவது நனவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவீட்டில் 7 புள்ளி, என்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றித் தொண்டைக்குள் குழாய் வைத்த பின் "5ரி" என்றார்கள். குழாயை எடுத்து விடுதிக்குக் கொண்டுவந்திருக்கும் இப்போது "10" என்கிறார்கள். தம்பி கண்ணைத் திறந்திருக்கிறார், ஆனால் ஒருவரையும் பார்ப்பதில்லை. 7 எப்படி 5 ஆனது, இப்போது 10 என்றால் அறிவு வந்துவிட்டதா, "எட்டுக்குக் கீழே போன ஆள் மீளாது" என்று வெளிநாட்டிலிருந்து மாமா சொல்வது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள். ரிக்கற்றில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளிக் குறிப்பில், இருந்த விபரத்தையும் அவர் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்: முதலில் கண் 1, பேச்சு 2, அசைவு 4, அடுத்து கண் 1, பேச்சுக்குப் பதிலாக ரி (T) என்ற ஆங்கில எழுத்து, அசைவு 4, இப்போது கண் 4, பேச்சு 2, அசைவு 4. இந்த விபரத்தை அவர் அனுப்பியிராவிட்டால் பயனுள்ள பதில் எதையும் என்னால் எழுதியிருக்க முடியாது.

வன்னியின் வைத்தியசாலைகளில் தலைக்காய நோயாளர்களோடு நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், முதலில் நேரடியான விடைகளைச் சொல்லிவிடுகிறேன். 7 இலிருந்து 5 ஆனதை வைத்து உங்கள் தம்பியின் நிலைமை மோசமானது என்று கொள்ள முடியாது. 10 ஆனது நல்ல செய்திதான்; ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் செய்தி அந்த எண்ணுக்குள் இன்னும் இல்லை. மாமா சொல்வது தவறு. இவை ஏன் என்பதை விளக்குவதற்கு அந்த அளவீடு எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களான கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனற் ஆகிய இருவரும் 1974 இல் லான்செற் மருத்துவ இதழில் இந்த அளவீட்டை வெளியிட்டார்கள். அதற்கு முன்னர் "அரை மயக்கம்", "ஆழ்ந்த மயக்கம்" என்று ஒவ்வொரு வைத்தியரும் தத்தம் மனத்தில் உள்ள பொருளில் எழுதிவந்தார்கள். ஒரு வைத்தியசாலையில் அரை மயக்கமாக இருந்தவர் அடுத்த வைத்தியசாலையில் ஆழ்ந்த மயக்கம் என்று பதியப்பட்டால், இடைவழியில் அவருக்கு ஏதாவது நடந்ததா, அல்லது எழுதிய கை மட்டும் மாறியதா என்று எவராலும் சொல்ல முடியாதிருந்தது. எந்தக் கருவியும் இல்லாமல், குரலாலும் விரலாலும் கண்ணாலும் மட்டும் சோதித்து, பயிற்சி பெற்ற எந்தத் தாதியும் எந்த வைத்தியரும் ஒரே விடைக்கு வரக்கூடிய ஒரு முறையைத்தான் அவர்கள் தேடினார்கள். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ அடிபட்ட ஒருவர் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்றப்படுகின்ற எங்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே 60 கிலோமீற்றருக்கு மேல். அந்த வழி முழுவதும் நோயாளியின் நனவுநிலையைப் பற்றிய செய்தி, கைமாறினாலும் பொருள் மாறாமல் போய்ச் சேரவேண்டும்.

அளவீட்டில் மூன்று பகுதிகள் உண்டு. கண் திறத்தலுக்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, அசைவுக்கு 6 வரை புள்ளி. ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்தது 1 என்பதால் முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் 3 கிடைக்கும். பூச்சியம் என்று ஒன்று இல்லை. கண் தானாகத் திறந்திருந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, அழுத்தினால் திறந்தால் 2, எதற்கும் திறக்காவிட்டால் 1. பேச்சில், தன் பெயரையும் தான் இருக்கும் இடத்தையும் மாதத்தையும் சரியாகச் சொன்னால் 5. வசனமாகப் பேசியும் தடுமாறினால் 4. தனிச் சொற்கள் மட்டும் வந்தால் 3. முனகல் மட்டும் என்றால் 2. ஒன்றுமில்லை என்றால் 1. வயதான கமக்காரர் ஒருவரிடம் மாதத்தைக் கேட்கும்போது "ஆடி" என்று சொன்னால் அது சரியான விடை என்பதையும், யூலை என்ற சொல்லை எதிர்பார்த்து ஒரு புள்ளியைக் குறைத்துவிடக்கூடாது என்பதையும் புதிதாக வரும் தாதியருக்கு நான் சொல்லிக்கொடுப்பதுண்டு.

அசைவு என்ற மூன்றாவது பகுதியே இந்த அளவீட்டின் உயிர். பரிசோதிப்பவர் முதலில் ஒரு கட்டளையைச் சொல்லுவார்: "நாக்கை நீட்டுங்கோ", "என்னுடைய விரலைப் பிடியுங்கோ". செய்தால் 6. ஆனால் விரலைப் பிடித்ததோடு சோதனை முடியக்கூடாது. கடுமையான மூளைக் காயத்தில், உள்ளங்கையில் எது பட்டாலும் தானாகவே இறுகப் பற்றிக்கொள்ளும் ஓர் அனிச்சைச் செயல் திரும்பி வரலாம். அது கட்டளைக்குக் கீழ்ப்படிவது அல்ல. ஆகவே "இப்ப விடுங்கோ" என்றும் சொல்லி, கை விடுகிறதா என்று பார்த்த பின்புதான் 6 போடவேண்டும். பார்வை நேரத்தில் தாயும் மனைவியும் "கையைப் பிடிக்கிறார், எங்களை விளங்குது" என்று கண்ணீரோடு வந்து சொல்லும் வேளைகளில், அவர்களுடைய நம்பிக்கையை உடைக்காமல், விடச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுவதே நேர்மையான வழி.

கட்டளைக்குப் பதில் இல்லையென்றால் வலி தரும் அழுத்தம் கொடுக்கப்படும். பேனையின் பக்கவாட்டை விரல் நகத்தின் மேல் வைத்து, சுமார் 10 விநாடி வரை மெல்ல மெல்லக் கூட்டி அழுத்துவார்கள். பிறகு கழுத்தும் தோளும் சேருமிடத்துத் தசையைக் கிள்ளுவார்கள், அல்லது புருவ எலும்பின் உட்பக்கத்திலுள்ள பள்ளத்தை அழுத்துவார்கள். நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்க்கும் பழைய பழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. கிளாஸ்கோக் குழுவினர் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டலுக்குப் பிறகு அது கைவிடப்பட வேண்டியது. தோளில் கிள்ளும்போது கை காறையெலும்புக்கு மேலே எழுந்து, கிள்ளுகிற கையைத் தேடித் தட்டிவிட வந்தால் 5. முழங்கை சட்டென மடங்கி, கை உடலைவிட்டு விலகினால் 4. கை மெதுவாக நெஞ்சின் குறுக்கே மடங்கி, பெருவிரல் உள்ளே பொத்திக்கொண்டு, கால் நீண்டு விறைத்தால் 3. முழங்கை மடங்காமல் கை நீண்டு உள்நோக்கித் திரும்பினால் 2. அசைவே இல்லையென்றால் 1. தொடக்கத்தில் 3 என்ற படி தனியாக இல்லாததால் மொத்தம் 14 ஆக இருந்தது. சாதாரண மடக்கத்தையும் அசாதாரண மடக்கத்தையும் பிரித்த பிறகே 15 ஆனது. 4 இலிருந்து 3 க்கு இறங்குவது ஒரு புள்ளிதான். ஆனால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்ற அபாயச் செய்தி அந்த ஒரு புள்ளிக்குள் இருக்கலாம்.

இனி உங்கள் தம்பியின் எண்களைப் பாருங்கள். 1, 2, 4 என்பவற்றின் கூட்டல் 7. குழாய் தொண்டைக்குள் இருக்கும்போது எவராலும் பேச முடியாது. எனவே பேச்சு சோதிக்க முடியாதது என்பதைக் காட்ட ரி என்ற எழுத்தை இட்டு, மிகுதி 1 ஐயும் 4 ஐயும் கூட்டி 5ரி என்று எழுதினார்கள். சில வைத்தியசாலைகளில் பேச்சுக்கு 1 என்று வைத்துக்கொண்டு 6ரி என்று எழுதுவார்கள். அப்படி எழுதினாலும் தம்பி அதே தம்பிதான். ஒரு பகுதியைச் சோதிக்க முடியாவிட்டால் கூட்டலே போடவேண்டாம், சோதித்த பகுதிகளை மட்டும் தனித்தனியே எழுதுங்கள் என்பதே 2014 இன் அறிவுறுத்தல். இப்போது 10 ஆனதும் கூட்டலின் விளைவுதான்: கண் 1 இலிருந்து 4 ஆகியிருக்கிறது, பேச்சு முன்னிருந்த 2 க்குத் திரும்பியிருக்கிறது, அசைவு 4 இலேயே நிற்கிறது. கண் தானாகத் திறப்பது மூளைத்தண்டின் விழிப்பு அமைப்பு மீண்டும் வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. அது வரவேற்க வேண்டிய முன்னேற்றம். ஆனால் விழித்திருத்தல் வேறு, தன்னையும் சுற்றியிருப்பவரையும் உணர்ந்திருத்தல் வேறு; இரண்டாவதைக் காட்டக்கூடிய அசைவுப் புள்ளியும் பேச்சுப் புள்ளியும் இன்னும் ஏறவில்லை. ஆகவே வைத்தியரிடம் "இண்டைக்கு எத்தனை?" என்று கேட்பதை விட்டு, "இண்டைக்கு அசைவு எத்தனை?" என்று கேளுங்கள்.

கூட்டுத்தொகை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இன்னொரு சான்று. மூன்று பகுதிகளையும் சேர்த்தால் 120 விதமான இணைப்புகள் வரும். அவையெல்லாம் 3 முதல் 15 வரையான 13 எண்களுக்குள் அடைக்கப்படுகின்றன. அமெரிக்க விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தபோது, மொத்தம் 4 உள்ளவர்களுக்குள்ளேயே, கண் 1, பேச்சு 1, அசைவு 2 என்று வந்தவர்களில் 48 சதவீதத்தினரும், கண் 1, பேச்சு 2, அசைவு 1 என்று வந்தவர்களில் 27 சதவீதத்தினரும், கண் 2, பேச்சு 1, அசைவு 1 என்று வந்தவர்களில் 19 சதவீதத்தினரும் இறந்ததாகக் கண்டார்கள். எண் ஒன்று, விளைவு மூன்று.

மாமா சொன்ன எட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். கண் திறக்காமல், சொல் எதுவும் சொல்லாமல், கட்டளைக்கு இணங்காமல் இருப்பதே கோமா என்று ஜெனற்றும் டீஸ்டேலும் வரையறுத்தார்கள். அந்த வரையறைக்குள் ஒருவர் பெறக்கூடிய உச்சப் புள்ளி கண்ணுக்கு 1, பேச்சுக்கு 2, அசைவுக்கு 5, ஆக 8. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான தலைக்காயம், 9 முதல் 12 நடுத்தரம், 13 முதல் 15 இலேசானது என்ற வகைப்பாடு இதிலிருந்துதான் வந்தது. எட்டுக்குக் கீழே போனால் நாக்கு பின்னால் விழுந்தும் வாந்தி சுவாசப்பைக்குள் போயும் மூச்சு தடைப்படலாம் என்பதால் குழாய் வைப்பதற்கான எல்லையாகவும் அந்த எண் பயன்படுகிறது. எவரும் அதை உயிருக்கான எல்லையாக வகுக்கவில்லை. எட்டுக்குக் கீழே வந்தவர்களுள் பலர் உயிர் பிழைக்கிறார்கள்; பிழைத்தவர்களுள் தம் காலில் நடந்து கிளினிக்குக்கு வருபவர்களை நான் கண்டிருக்கிறேன். வயது, கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்கினவா, ஸ்கானில் என்ன தெரிந்தது, வழியில் ஒட்சிசனும் இரத்த அழுத்தமும் விழாமல் காக்கப்பட்டனவா என்பவையெல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

எந்தப் புள்ளியையும் நம்புவதற்கு முன், அது எந்த நிலைமையில் எடுக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த புள்ளி மருந்தின் புள்ளி. வலிப்பு வந்து ஓய்ந்த சிறிது நேரத்தில், இரத்த அழுத்தம் விழுந்திருக்கையில், நீரிழிவுக்கு ஊசி போடுபவருக்குச் சீனி இறங்கியிருக்கையில் எடுக்கப்படும் புள்ளிகளும் அப்படித்தான். அந்தக் காரணத்தை நீக்கிவிட்டு மறுபடியும் எடுக்கவேண்டும். மதுவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கள்ளு மணக்கிறது என்பதற்காக ஒருவருடைய மயக்கத்தை வெறி என்று ஒதுக்கி, காலை வரை ஒரு மூலையில் கிடத்திவைப்பது உயிரை எடுக்கும் தவறு. தலையில் காயமும் குறைந்த புள்ளியும் உள்ளவருக்கு, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, காயமே காரணம்.

வன்னிக்கென்று இன்னும் சில உண்டு. வெளியிடங்களில் அச்சான பாடநூல்கள் இவற்றை ஒன்றுசேர்த்துச் சொல்வதில்லை. வாடியிலோ கொட்டிலிலோ நிலத்தில் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால், கடிவாய் கூடத் தெரியாமல் போகலாம். கண்ணிமை விழுந்து, தசையெல்லாம் செயலிழந்து, கண்மணி விரிந்து, அழுத்தத்துக்கும் அசையாமல் அவர் கிடப்பார். புள்ளி 3 வரும். உள்ளே அவர் முழு உணர்வோடு நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தடுமாறி விழுந்ததில் நெற்றியிலும் ஒரு காயம் இருந்தால், தலைக்காயம் என்ற முடிவுக்கு வருவது மிக எளிது. அடுத்தது போர் விட்டுச்சென்றவை. ஷெல் வெடிப்பில் செவிப்பறை போனவர் கூப்பிட்டால் கண் திறக்கமாட்டார். கண்ணாடிக் கண் வைத்தவருடைய கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்காது. நரம்பில் சன்னம் பட்டுக் கை வழங்காதவர் அந்தக் கையால் எதையும் தட்டிவிடமாட்டார். சிறந்த பதிலைத் தரும் அவயவத்தின் புள்ளியையே எழுதவேண்டும் என்பது விதி. ஆனால் எது பழைய குறை என்று வீட்டார் சொன்னால்தான் பரிசோதிப்பவருக்குத் தெரியும். நோயாளர் காவு வண்டியில் ஏறும்போதே இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணம் மொழி. வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்படும் நோயாளிக்கு, நல்ல மனத்தோடும் திறமையோடும் கவனிக்கும் சிங்களத் தாதி ஒருவர் தனக்குத் தெரிந்த மொழியில் கட்டளை சொன்னால், தமிழ் மட்டுமே அறிந்தவர் நாக்கை நீட்டமாட்டார். 6 வரவேண்டிய இடத்தில் 5 வரும், பேச்சில் 5 வரவேண்டிய இடத்தில் 4 வரும். ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு புள்ளி இறங்கினால் அவசரமாக மறு ஸ்கான் எடுக்கும் அளவுக்குப் பாரதூரமான விடயம். அதை மொழி உண்டாக்கிவிடக்கூடாது, மொழியால்தான் என்று நினைத்து உண்மையான இறக்கத்தைத் தவறவிடவும் கூடாது. "கண்ணைத் திறவுங்கோ", "நாக்கை நீட்டுங்கோ", "கையை விடுங்கோ", "உங்கட பேர் என்ன" என்ற நான்கு வசனங்களைச் சிங்கள எழுத்தில் ஒரு தாளில் எழுதி ரிக்கற்றோடு இணைத்து அனுப்பும் வழக்கத்தை ஒவ்வொரு மாற்றும் வைத்தியசாலையும் ஏற்படுத்திக்கொண்டால் நல்லது; அதுவரை, கூடப் போகும் உறவினர் கட்டிலருகே நின்று அந்த வசனங்களைத் தாமே சொல்ல அனுமதி கேட்கலாம்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் தனியான ஒரு புள்ளி அரைச் செய்திதான். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டக் கம்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குளம் நிரம்புகிறதா வற்றுகிறதா என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். நேரம் குறித்து மறுபடி பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் தலைக்காய நோயாளிக்கு, புள்ளி 15 ஆகும் வரை அரை மணிக்கொரு தடவையும், 15 ஆன பிறகு முதல் 2 மணித்தியாலங்களுக்கு அரை மணிக்கொரு தடவையும், அடுத்த 4 மணித்தியாலங்களுக்கு மணிக்கொரு தடவையும், அதன்பின் 2 மணிக்கொரு தடவையும் பார்க்கவேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டல் சொல்கிறது. நள்ளிரவில் தம்பியைத் தட்டி எழுப்பி நகத்தை அழுத்துகிறார்களே என்று மனம் நோகவேண்டாம். அது கொடுமையல்ல, காவல்.

15 என்ற முழுப் புள்ளியும் உத்தரவாதம் அல்ல என்பதை எங்கள் ஊர்களில் இன்னும் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளி சற்று நேரம் மயங்கிப் பின் எழும்பி, தண்ணீர் குடித்து, எல்லாரோடும் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார். நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் எலும்பு வெடித்து, அதன்கீழ் ஓடும் நாடி கிழிந்திருந்தால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் குருதி தேங்கிக்கொண்டே இருக்கும். சில மணித்தியாலங்களில் தலையிடி கூடி, வாந்தி வந்து, உறக்கம் போலத் தோன்றும் ஒன்றுக்குள் அவர் போய்விடுவார். ஒரு பக்கக் கண்மணி விரியும் கட்டத்தில் மூளை கீழ்நோக்கி நெரிபடத் தொடங்கியிருக்கும். நேரத்தோடு திறந்து குருதியை எடுத்தால் முழுமையாகக் குணமாகக்கூடிய காயம் இது. அதனால்தான் அதைத் தவறவிடுவது என்னை இன்றும் வருத்துகிறது. அடிபட்டு 2 மணித்தியாலத்தின் பின்னும் 15 க்கு வராதவருக்கு ஸ்கான் தேவை. வீட்டில் இருப்பவருக்குப் புள்ளி போடத் தெரியவேண்டியதில்லை. விழிப்பாக இருக்கிறாரா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, கிள்ளினால் மட்டும் அசைகிறாரா, எதற்குமே பதில் இல்லையா என்ற நான்கு படிகள் போதும். ஒரு படி இறங்கினாலும் நோயாளர் காவு வண்டிக்கான 1990 என்ற இலக்கத்தை அழைத்து, எத்தனை மணிக்கு எப்படி இருந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

கிளாஸ்கோ அளவீட்டின் குறைகளை நிரப்ப வேறு அளவீடுகளும் வந்திருக்கின்றன. 2018 இல் கிளாஸ்கோக் குழுவே கண்மணியையும் சேர்த்தது: வெளிச்சத்துக்கு ஒரு கண்மணி சுருங்காவிட்டால் மொத்தத்திலிருந்து 1, இரண்டும் சுருங்காவிட்டால் 2 கழிக்கப்படும், ஆகக் குறைந்த புள்ளி 1 ஆகும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 2005 இல் உருவான ஃபோர் அளவீடு பேச்சையே விட்டுவிட்டு, கண், அசைவு, மூளைத்தண்டின் அனிச்சைகள், மூச்சு ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை புள்ளி தருகிறது. குழாயோடு கிடப்பவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பெருவிரலை உயர்த்து, கையைப் பொத்து, இரண்டு விரலைக் காட்டு என்ற கட்டளைகளுக்கு இணங்கினால் அசைவில் 4. சிறு பிள்ளைகளுக்குப் பேச்சுப் பகுதியை அழுகை, சிரிப்பு, மழலை என்று மாற்றி அமைத்த தனி அட்டவணை உண்டு.

உங்கள் தம்பியின் இன்றைய நிலைக்கு இவற்றைவிட முக்கியமானது வேறொன்று. கண் திறந்திருக்கிறது, பார்வை பின்தொடரவில்லை, கட்டளைக்கு இணக்கமில்லை என்ற கட்டத்தில் கிளாஸ்கோ அளவீடு தன் வேலையை முடித்துவிட்டது. விழித்தும் உணர்வற்ற நிலைக்கும், மிகக் குறைந்த அளவில் உணர்வுள்ள நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. அதற்கென்று 2004 இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்சி அளவீடு உண்டு. செவி, பார்வை, அசைவு, வாய்ப் பேச்சு, தொடர்பாடல், விழிப்பு என்ற ஆறு பகுதிகளில் மொத்தம் 23 புள்ளி. 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணர்வே இல்லை என்று வைத்தியக் குழுவினர் முடிவு செய்திருந்த 44 பேரை இந்த அளவீட்டால் சோதித்தபோது 18 பேரிடம் உணர்வின் அறிகுறிகள் இருந்தன. பத்தில் நான்கு பேர். கட்டிலருகே ஒருமுறை பார்த்துவிட்டு "ஒன்றும் விளங்காது" என்று எவர் சொன்னாலும், இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, முறையான சோதனையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தச் சோதனையில் ஒரு பகுதிக்கு வேண்டியது ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி மட்டுமே. முகத்துக்கு முன்னால் 10 முதல் 15 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, மெதுவாக இடமும் வலமும் மேலும் கீழும் நகர்த்துவார்கள். விரலையோ வெளிச்சத்தையோ பின்தொடராத கண்கள், தம் முகத்தைப் பின்தொடர்வது உண்டு. உணர்வு திரும்புவதன் முதல் அடையாளமாகப் பலரிடம் தோன்றுவது இந்தப் பின்தொடர்தல்தான். உணர்வு ஏறி இறங்கும் என்பதால், ஒரே நாளில் முடிவு செய்யாமல், சில நாட்களுக்குள் ஐந்து தடவையாவது சோதிக்கவேண்டும் என்கிறார்கள். வைத்தியரின் அனுமதியோடு நீங்களும் பகலில், தூக்க மருந்தும் வலிப்பு மருந்தும் கொடுத்த உடனேயல்லாத நேரத்தில், கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். அவருடைய வீட்டுப் பெயரால் கூப்பிடுங்கள். ஒரு கொப்பியில் நேரம், நீங்கள் செய்தது, அவர் செய்தது என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். "விளங்கினது மாதிரி" என்று எழுதவேண்டாம், "வலப்பக்கம் இரண்டு தரம் கண் போனது" என்று எழுதுங்கள். அப்படி எழுதப்பட்ட கொப்பியை எந்த நல்ல வைத்தியரும் புறந்தள்ளமாட்டார்.

காலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அடிபட்டதால் வந்த மூளைக் காயம், இதயம் நின்று ஒட்சிசன் இல்லாமல் வந்த காயத்தைவிட நீண்ட காலம் மீண்டுகொண்டிருக்கும். உணர்வற்ற விழிப்பு நிலையை நாள்பட்டது என்று அழைப்பதற்குக் கூட, விபத்துக் காயத்தில் 12 மாதம் கடந்திருக்கவேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. "நிரந்தரம்" என்ற சொல்லை அது கைவிட்டுவிட்டது. சில வாரங்களில் எவரும் உங்களிடம் இறுதி முடிவு சொல்வது சரியல்ல. 2024 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேருடைய மூளை, கட்டளையைக் கேட்டு அதன்படி செயற்பட்டதை எம்.ஆர்.ஐ. படமும் மூளை மின்பதிவும் காட்டின. அந்தச் சோதனைகள் சாதாரண விடுதியில் செய்யப்படுபவை அல்ல; ஆனால் கட்டிலருகே நின்று எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதற்கு அந்த 60 பேர் போதிய காரணம். எம்.ஆர்.ஐ. எடுப்பது என்று எப்போதாவது தீர்மானிக்கப்பட்டால், உடலில் பழைய சன்னமோ ஷெல் துண்டோ இருக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். காந்தத்துக்குள் உலோகத் துண்டு நகர்ந்தால் ஆபத்து.

தம்பி பேசத் தொடங்கிய பிறகு வரக்கூடிய ஒரு குழப்பத்தையும் இப்போதே அறிந்துவைத்திருங்கள். பெயர், இடம், மாதம் மூன்றையும் சொல்லி 15 க்கு வந்தவர், காலையில் யார் வந்துபோனார் என்பதை மாலையில் மறந்திருக்கலாம், காரணமில்லாமல் சினக்கலாம். புதிய நினைவுகள் பதியாத இந்தக் காலம் முடிந்ததா என்பதை அறியத் தனி அளவீடுகள் உண்டு: 1979 இல் அமெரிக்காவில் உருவான கால்வெஸ்ரன் சோதனையில் 100 க்கு 75 புள்ளிக்கு மேல் வரவேண்டும், அவுஸ்திரேலியாவின் வெஸ்ற்மீட் அளவீட்டில் தொடர்ந்து மூன்று நாட்கள் 12 க்கு 12 வரவேண்டும். இந்தக் காலம் ஒரு வாரத்துக்கு மேல் நீண்டிருந்தால் காயம் மிகக் கடுமையானது என்று பொருள். வேலைக்குத் திரும்புவது, கற்பது, குடும்பத்தோடு பழகுவது ஆகியவற்றில் மாதக்கணக்கில் உதவி தேவைப்படும். வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில், முதல் நாளின் மூன்று புள்ளிகளும் கடைசி நாளின் மூன்று புள்ளிகளும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேளுங்கள். நினைவுப் பதிவு திரும்பிவிட்டதென்று சோதித்து, வலிப்பு அபாயத்தைப் பற்றிக் கிளினிக்கில் கேட்டு, வைத்தியர் எழுத்தில் அனுமதி தரும் வரை, எவ்வளவு தெளிவாகக் கதைத்தாலும், மோட்டார் சைக்கிளை அவர் எடுக்கக்கூடாது.